தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார் வேலை?

சோளிங்கர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு யோக நரசிம்மர் மலைதான் நினைவுக்கு வரும். தொழில் உலகம் இந்த ஊரை வேறொரு காரணத்துக்காக அறிந்து வைத்திருக்கிறது. இங்கே இயங்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்புப் பிரிவு 2003ஆம் ஆண்டு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தரத்துக்காக உலகம் மதிக்கும் பரிசு அது. அதை வாங்க, தலைவர் மேடையேறி நன்றாகப் பேசினால் போதாது. ஜப்பானிலிருந்து வரும் ஆய்வாளர்கள் மேலாளர் அறையில் தொடங்கி, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுபவர் நிற்கும் இடம் வரை போய்க் கேள்வி கேட்பார்கள். குறை வந்தால் தொழிலாளியைத் திட்டாதே, அவனை வேலை செய்ய வைக்கும் முறையைப் பார். அந்த முறைக்குப் பொறுப்பு நிர்வாகம் என்பது, பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம்.

அந்தப் பாடத்தை இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பெரிய நிறுவனமானால் இயக்குநர் குழுவில் ஐந்தாறு பேரும் ஆள் தேடித் தரும் ஒரு நிறுவனமும் சேர்ந்து முடிக்கிறார்கள். நம் பக்கத்துக் குடும்ப நிறுவனமானால் அப்பா, சித்தப்பா, ஆடிட்டர் ஆகிய மூவரோடு பேச்சு முடிந்துவிடும். முடிவின் விளைவைச் சுமப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சோளிங்கருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. சென்னை–பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறோம். இரு முனைகளிலும் கணினி நிறுவனங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளும் இன்று தொழில்நுட்ப நிறுவனங்களே. ஷூ கம்பெனியில் வெட்டும் வடிவத்தைக் கணினி தீர்மானிக்கிறது. கழிவுநீரைச் சவ்வு வழியாகச் செலுத்தி, ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியே விடாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த இயந்திரங்களைப் புரிந்துகொள்ளாத ஒருவர் அங்கே தலைவராக இருந்தால் விலை கொடுப்பது பாலாறு.

தலைவரின் வேலையே மாறிவிட்டது. டாடா கன்சல்டன்சியை எஃப்.சி. கோலி வளர்த்த காலத்தில் வாடிக்கையாளரைப் பிடிப்பதும், பொறியாளரைப் பயிற்றுவதும், சொன்ன தேதியில் வேலையை முடிப்பதும் தலைவரின் கடமைகளாக இருந்தன. 1996இல் ராமதுரை பொறுப்பேற்றபோதும் ஏறக்குறைய அதேதான். அதே நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, தலைவர் பதில் சொல்ல வேண்டியவர்களின் வரிசை எவ்வளவு நீண்டுவிட்டது என்பது தெரிந்தது. ஊழியர், அவர்களின் பெற்றோர், அரசு, தொழிற்சங்கம் என எல்லோரும் கேட்டார்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை எடுத்துக்கொள்ளும், எதை விட்டுவைக்கும் என்று ஊழியர் கேட்கும்போது தலைவர் மழுப்ப முடியாது. விற்கத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், நிரல் எழுதத் தெரிந்தவர் எவரும் அந்த ஒரு திறமையை வைத்து இந்த நாற்காலியில் உட்கார முடியாது.

ஆனால் நாம் ஆள் தேடும் விதம் மாறவில்லை. உள்ளேயிருந்து எடுப்பதா, வெளியிலிருந்து கொண்டுவருவதா என்ற பழைய விவாதத்திலேயே நிற்கிறோம். இன்ஃபோசிஸ் கதையை நிதானமாகப் பார்த்தால் இந்த விவாதம் எவ்வளவு மேலோட்டமானது என்பது புரியும். 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. நிறுவனர்களே மாறி மாறித் தலைமை தாங்கினார்கள். 2014 ஆகஸ்டில்தான் எஸ்ஏபி நிறுவனத்திலிருந்து வந்த விஷால் சிக்கா முதன்முறையாக வெளியாளாகப் பொறுப்பேற்றார். பனாயா நிறுவனத்தை வாங்கியது பற்றியும், விலகிய நிதி அதிகாரிக்குக் கொடுத்த தொகை பற்றியும் நிறுவனர்கள் தரப்பில் எழுந்த கேள்விகள் பத்திரிகைகள் வரை வந்தன. 2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா விலகினார். ஒரு வாரத்துக்குள் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நீலகேணி இயக்குநர் குழுத் தலைவராகத் திரும்பி வந்தார். 2018 ஜனவரியில் கேப்ஜெமினியிலிருந்து சலீல் பரேக் வந்தார். அவரும் வெளியாள்தான். 2022இல் அவருக்குப் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது. முதல் வெளியாளால் நிற்க முடியவில்லை, அடுத்தவரால் முடிந்தது. இடையில் மாறியது, மேலே இருந்தவர்களிடையே இருந்த உடன்பாடு என்றே நான் கருதுகிறேன். புதியவர் எதைச் செய்யலாம், பழையவர்கள் எதில் தலையிடமாட்டார்கள் என்பதை முன்பே பேசி எழுதிவைக்காத இடத்தில், எவ்வளவு திறமையானவரைக் கொண்டுவந்தாலும் அவர் இரண்டு வீட்டு மருமகள்போல் திண்டாடுவார்.

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் வேறு வழியில் போனது. டென்னிஸ் உட்சைடு 2022 செப்டம்பரில் நிறுவனத்தின் பிரசிடென்ட்டாக வந்தார். நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதத்தோடு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சேர்ந்து வேலை பார்த்த பிறகே, 2024 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரியானார். அதற்குள் ஊழியர்களுக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கும் அவர்களைத் தெரிந்தது. 2025 ஜனவரியில் சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு பதவியை விட்டுத் தலைமை விஞ்ஞானியாக மாறியபோது, அந்த இடத்துக்கு இணை நிறுவனர் சைலேஷ் டேவி வந்தார். இந்த இரண்டும் முழு வெற்றியா என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. நாற்காலி காலியாவதற்கு முன்பே அடுத்தவர் தயாராக இருந்தார் என்பது மட்டும் உறுதி.

பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதைவிடப் பழைய முன்மாதிரி இருக்கிறது. 1900இல் அதை ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் 1946இல் ஓய்வு பெற்றார். விரைவிலேயே ஹில்டா லாசரஸ் அதன் முதல் இந்தியத் தலைவரானார். நிறுவனர் அதன் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மருத்துவமனை அவரைச் சார்ந்து நிற்கவில்லை. பல திருச்சபைகள் சேர்ந்த மன்றத்தின் பொறுப்பில் அது நடப்பதால், தலைவரைத் தேர்வதும் ஒரு குடும்பத்தின் கவலையாகச் சுருங்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தலைவரைத் தேர்வது எல்லோருக்கும் பொறுப்பு என்றால் கடைசியில் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? ஆகும். நம் பகுதி அதைக் கண்ணால் கண்டிருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பதும் ஒரு நிறுவனம்தான். பல தோல் தொழிற்சாலைகள் பங்கு போட்டு நடத்துவது. அதன் தலைவர் நம் பகுதியின் மிக முக்கியமான தொழில்நுட்பத் தலைவர். ஏற்றுமதிக் கம்பெனியின் எம்.டி.யை விட அவருடைய ஒரு தவறு அதிகம் பேரைத் தொடும். எந்தத் தொழிற்சாலை அளவுக்கு மீறி அனுப்பினாலும் அதன் குழாயை அடைக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்கிறதா? அவரை நீக்கும் அதிகாரம் அதே தொழிற்சாலை உரிமையாளர்களிடம் இருந்தால் அவர் எப்படி அடைப்பார்? அந்தப் பதவிக்கு ஆள் தேடும் குழுவில் சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவரும், கீழே வயல் வைத்திருக்கும் ஊரின் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

நீதிமன்றம் இதைத் தன்னால் முடிந்தவரை சொல்லிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பைத் தினமும் நிறைவேற்ற வேண்டியவர் தொழிற்சாலைக்குள் இருக்கும் தலைவர். அவரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதவரை நாம் இன்னொரு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களுக்கு, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி இருக்கிறது. அடுத்த தலைவர் பற்றிய திட்டம் இயக்குநர் குழுவிடம் இருக்க வேண்டும். தலைமைச் செயல் அதிகாரியின் இடம் காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். நம் பகுதியின் பெரும்பாலான தோல் நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இல்லை. இந்த விதி அவர்களைத் தொடாது. தொடாத இடத்தில் வங்கி கேட்கலாம். ஆண்டுதோறும் நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்கும்போது சொத்துப் பத்திரம் கேட்கிற வங்கி, உங்களுக்குப் பிறகு நிறுவனத்தை நடத்தப்போவது யார், அவர் என்ன கற்றிருக்கிறார் என்றும் கேட்கட்டும். வெளிநாட்டில் ஷூ வாங்கும் பிராண்டுகள் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றன, இதையும் கேட்கலாம்.

உரிமையாளர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ தலைமைக்கு வருவதில் தவறில்லை. வருவதற்கு முன் இன்னொருவர் நிறுவனத்தில், இன்னொருவர் திட்டும் இடத்தில், சில ஆண்டுகள் வேலை பார்க்கட்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நிற்கட்டும். வெளியிலிருந்து ஆள் எடுத்தால், ஆள் தேடித் தரும் நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். தேடிக் கொடுத்தவரின் கட்டணம் பெரும்பாலும் முதலாண்டுச் சம்பளத்தின் ஒரு பங்கு; பல ஒப்பந்தங்களில் யாரையாவது அமர்த்தினால்தான் அவருக்கு முழுப் பணமும் கிடைக்கும். விண்ணப்பதாரரின் கீழே வேலை பார்த்து விலகியவர்களிடம் பேசுங்கள். கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுபோனவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நேர்முகத் தேர்வை நட்சத்திர ஓட்டலில் வைக்காமல் தொழிற்சாலையில் வையுங்கள். தையல் வரிசையில் பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்களின் மேற்பார்வையாளர் ஒருவர் அந்த நேர்முகத்தில் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் மேலாளராக, பிறகு தலைவராக ஏறுவதற்கு நம் நிறுவனங்களில் படிக்கட்டே கட்டப்படவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. வேலூரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வளாகத் தேர்வில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று விளம்பரப் பலகை வைக்கிறோம். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் யார் எதை வழிநடத்துகிறார்கள், எப்படி வழிநடத்துகிறார்கள் என்று எந்தக் கல்லூரி கணக்கு வைத்திருக்கிறது? மோகனூரில் தமிழ் வழியில் படித்த என். சந்திரசேகரன், 1987இல் டாடா கன்சல்டன்சியில் சேர்ந்து 2009இல் அதன் தலைவரானார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனம் அவரை உள்ளே வளர்த்தது. வளர்ப்பதற்குப் பொறுமை உள்ள நிறுவனங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்புகிறோமா என்பதைப் பெற்றோரும் பார்க்க வேண்டும். முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது.

சோளிங்கருக்குத் தென்கிழக்கே பனப்பாக்கத்தில் டாடா நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ காலணித் தொழிற்சாலைக்கும் அங்கேயே அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றின் தலைவர்களை மும்பையிலும் தைவானிலும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதில் நமக்கு வாக்கு இல்லை. ஆனால் நிலம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது, வேலைக்குப் போகப்போவது நம் பிள்ளைகள். ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர், உள்ளாட்சித் தலைவர்கள், தொழிற்சங்கங்கள், தொழில் உரிமையாளர் சங்கங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை பொதுக் கூட்டம் நடத்தலாம். தண்ணீர், கழிவு, பணிப் பாதுகாப்பு, உள்ளூர் ஆட்களுக்குப் பதவி உயர்வு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் அங்கே கணக்குச் சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்கு மனிதவள மேலாளரை அனுப்பிவிட்டு ஒதுங்கக் கூடாது; தலைமை அதிகாரியே வர வேண்டும். அப்படி வந்து பதில் சொல்வதும் அவருடைய வேலையின் ஒரு பகுதி என்று நியமன உத்தரவிலேயே எழுதுங்கள் என்பதை, முதல் கூட்டத்துக்கு முன்பே நாம் கேட்டுவிட வேண்டும்.