வைடு ஆங்கிள் லென்ஸ்: ஸ்டெபிலைசேஷனுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

அதிகாலை முகூர்த்தம். சின்ன மண்டபம். மணமேடையில் குத்துவிளக்கையும் இரண்டு டியூப் லைட்டையும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. 'கெட்டிமேளம்... கெட்டிமேளம்' என்று குரல் எழுகிறது. உறவினர்கள் நெருக்கியடித்து நிற்பதால் போட்டோகிராபர் ஓரடிகூடப் பின்னால் நகர முடியாது. மாப்பிள்ளை, மணப்பெண், நாத்தனார், அட்சதை தூவும் பெரியவர்கள் என எல்லோரையும் ஒரே ஃபிரேமுக்குள் கொண்டுவர வைடு ஆங்கிள் லென்ஸ்தான் கைகொடுக்கும்.

அந்த லென்ஸை வாங்கப் போனால், கடையில் முதலில் வரும் கேள்வி: 'ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது வேண்டுமா, இல்லாதது போதுமா?' கடன் வாங்கித் தொழில் தொடங்கும் இளைஞருக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. படம் பிளர் ஆகிவிட்டது என்பதற்காகத் தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

கை நடுக்கமும் லென்ஸும்

ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸுக்குள் சின்ன சென்சார்கள் இருக்கும். கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை அவை கண்டுபிடிக்க, உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுப்பு அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிசெய்யும். எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான லென்ஸில் கேனான் இதை முதலில் கொண்டுவந்தது 1995-ல். அது 75-300 மி.மீ. ஜூம் லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் லென்ஸ், கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும் என்பதால், தேவையும் அங்கேதான் அதிகம்.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 200 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் ஸ்பீடு 1/200 விநாடிக்குக் குறையக் கூடாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸுக்கு 1/15 விநாடியே போதும். அதாவது, வைடு லென்ஸில் நடுக்கம் இயல்பாகவே குறைவாகத்தான் தெரியும். மெகாபிக்சல் அதிகமுள்ள இன்றைய கேமராக்களில் 1/30 வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

எதை நிறுத்தும், எதை நிறுத்தாது?

4 ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் என்று பெட்டியில் போட்டிருந்தால், 1/15 விநாடி என்பது கணக்குப்படி 1 விநாடி வரை நீளும். தாராசுரம் கோயில் மண்டபத்தில் கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தாலும் தூண் சிற்பங்கள் தெளிவாக விழ வாய்ப்பு உண்டு. ஆனால், அதே படத்தில் நடந்துபோகிறவர் புகைபோல் கலைந்திருப்பார். காரணம் எளிது. ஸ்டெபிலைசேஷன் நிறுத்துவது போட்டோகிராபரின் கை நடுக்கத்தை. மாப்பிள்ளையின் கையை அதனால் நிறுத்த முடியாது.

தாலி கட்டும் கையை உறைய வைக்க 1/125 விநாடியாவது வேண்டும். அதற்குத் தேவை வெளிச்சம். எஃப் 2.8 லென்ஸ், எஃப் 4 லென்ஸைவிட இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 4-ல் 1/60 கிடைக்கும் இடத்தில் எஃப் 2.8-ல் 1/125 கிடைக்கும்.

நிறுவனங்களும் பல காலம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தன. கேனான் 2014-ல் வெளியிட்ட 16-35 மி.மீ. எஃப் 4 லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் உண்டு. 2016-ல் வந்த 16-35 மி.மீ. எஃப் 2.8 மூன்றாம் பதிப்பில் அது இல்லை; ஆனால் விலை அதிகம். இரண்டும் சேர்ந்த 15-35 மி.மீ. லென்ஸைத் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2019-ல்தான் கேனான் கொண்டுவந்தது.

யாருக்கு எது?

* கோயில், அரண்மனை, பழைய வீடுகளின் உட்புறம் எடுப்பவர்கள்: ஸ்டெபிலைசேஷன் அவசியம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

* கல்யாணம், வளைகாப்பு, ஓடியாடும் குழந்தைகள்: எஃப் 2.8-க்கே முதலிடம்.

* பகல் வெளிச்சத்தில் மலை, கடல், வயல் அல்லது ட்ரைபாடில் இரவுக் காட்சி: இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

* கையில் பிடித்து வீடியோ எடுப்பவர்கள்: கண்டிப்பாக வேண்டும். டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை மட்டும் நம்பினால், அது ஃபிரேமின் ஓரங்களை வெட்டிவிடும். வைடு லென்ஸ் வாங்கிய பலனில் பாதி அதிலேயே போய்விடும்.

முதலில் கேமராவைப் பாருங்கள்

பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே நகர்ந்து நடுக்கத்தைச் சரிசெய்யும். சோனி 2014-ல் ஏ7 இரண்டாம் மாடலிலும், கேனான் 2020-ல் ஆர்5, ஆர்6 மாடல்களிலும் இந்த வசதியைக் கொடுத்தன. உங்கள் கேமராவில் இது இருந்தால், வைடு லென்ஸிலும் அதையே தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இருக்கும் லென்ஸை அதன் மிக வைடான அளவில் வைத்து, ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை 1/30, 1/15, 1/8, 1/4 விநாடிகளில் ஐந்தைந்து படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், உங்கள் கை எதுவரை தாங்கும் என்பது தெரிந்துவிடும். அடுத்து, வீட்டில் ஒருவரைக் கைவீசி நடக்கச் சொல்லி அதே வேகங்களில் எடுங்கள். உங்கள் படங்களைக் கெடுப்பது கை நடுக்கமா, எதிரில் இருப்பவரின் அசைவா என்பது புரியும்.

அந்த அதிகாலை முகூர்த்தத்துக்குப் போகும் இளைஞருக்கும் பதில் இதுதான். பட்ஜெட்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஃப் 2.8. அதற்கும் பணம் போதவில்லையா? முதல் சில ஆர்டர்களுக்கு வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். லென்ஸை அடுத்த மாதம்கூட வாங்கலாம். மூன்று முடிச்சு விழும் நேரம் அடுத்த மாதம் திரும்பி வராது!