கடலுக்குள் ஒரு ஆஸ்பத்திரி!

விரல் நீள மீன்தான் டாக்டர்

மதுரை வில்லாபுரத்தில் கடல் கிடையாது. ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர் தூரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வாங்கும் மீன், அந்தப் பக்கத்துக் கடலில் பிடித்ததாக இருக்கலாம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடா இருக்கிறது. அங்குள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் வளர்ந்துள்ளன. 1986-ம் ஆண்டில் 21 தீவுகளைச் சேர்த்து, கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது.

அந்தப் பாறைகளில் ஓர் அதிசய ஆஸ்பத்திரி நடக்கிறது!

பூச்சி எடுக்கும் மீன்

டாக்டர் ஒரு சின்ன மீன். நீல நிறம். தலை முதல் வால் வரை கறுப்புக் கோடு. ஆங்கிலத்தில் ‘கிளீனர் ராஸ்’ என்பார்கள்.

பெரிய மீன்கள் இதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். சின்ன மீன் உள்ளே புகுந்து, ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். பெரிய மீனுக்கு வைத்தியம். சின்ன மீனுக்குச் சாப்பாடு!

ஆஸ்திரேலியாவில் இதைக் கணக்கெடுத்து 1996-ல் வெளியிட்டார்கள். ஒரு மீன் ஒரே நாளில் சுமார் 1,200 பூச்சிகளைத் தின்றது.

டாக்டர் இல்லாவிட்டால்?

அதே நாட்டில், சில பாறைகளிலிருந்து இந்த மீன்களை எட்டரை ஆண்டுகள் அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வெளியாயிற்று. அந்தப் பாறைகளில் தங்கி வாழும் மீன்கள், மற்றப் பாறைகளைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தன!

இரண்டு ஆபத்துகள்

முதல் ஆபத்து வெப்பம். கடல் சூடானால் பவளம் வெளுக்கும். சூடு நீடித்தால் செத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்தது. உலகின் பல கடல்களில் பவளம் வெளுத்து வருவதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பவளம் செத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிடமே இடிந்த மாதிரிதான்.

இரண்டாவது ஆபத்து கண்ணாடித் தொட்டி. அழகுக்காக இந்த மீனைக் கடலில் பிடித்து, பல நாடுகளில் விற்கிறார்கள். தொட்டியில் அதற்குப் போதிய பூச்சி ஏது? பல மீன்கள் இளைத்துச் சாகின்றன.

நாம் செய்யக்கூடியது

கடலின் சூட்டை ஒரு குடும்பம் தணித்துவிட முடியாது. ஆனால் தொட்டிக்கு மீன் வாங்கும்போது, “இது கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா?” என்று கேட்கலாம். பண்ணையில் வளர்ந்த கப்பி மீனும் குழந்தைகளுக்கு அழகுதான்.

டாக்டர் மீன் கடலிலேயே இருக்கட்டும். பாறையில் மீன் பெருகினால், வில்லாபுரத்துக் குழம்புச் சட்டிக்கும் ஒரு பங்கு வரும்.