சுத்தம் வேறு, தீட்டு வேறு: பள்ளிச் சமையலறைகள் சொல்லும் உண்மை

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகேயுள்ள திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராகப் பொறுப்பேற்றபோது ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்த்தவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன்பாகவே அதிகாரிகள் அப்பெண்ணை இடமாற்றம் செய்தனர். போராட்டங்களுக்குப் பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகேயுள்ள உசிலம்பட்டியிலும், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தலித் பெண்கள் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் தடுக்கப்பட்ட செய்திகள் வந்தன. இது தமிழகத்தின் நோய் மட்டுமன்று. உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் 2021 டிசம்பரில் தலித் சமையலர் ஒருவர் இதே காரணத்தால் வேலையிலிருந்தே நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

இத்தகைய நிகழ்வுகளில் சாதியின் பெயரை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அது சட்டப்படி குற்றம் என்பதை அனைவரும் அறிவர். எனவே வேறொரு சொல் முன்வைக்கப்படுகிறது: 'சுத்தம்'. "சுத்தமாகச் சமைப்பதில்லை", "சமைக்கத் தெரியவில்லை" என்ற குற்றச்சாட்டுகள், சமையலர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எழுந்துவிடுகின்றன. ஆகவே உணவுப் பாதுகாப்பு என்றால் உண்மையில் என்ன என்பதை நாம் தெளிவாகப் பேசியாக வேண்டும். அந்தச் சொல்லைச் சாதியவாதிகளின் கையில் விட்டுவிட முடியாது.

உணவு எவ்வாறு கெடுகிறது என்பதற்கு அறிவியலில் விடை உண்டு. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வகுத்துள்ளது. கைகளையும் பாத்திரங்களையும் தூய்மையாக வைத்திருத்தல். பச்சை இறைச்சி போன்ற சமைக்காத பொருள்களைச் சமைத்த உணவிலிருந்து பிரித்து வைத்தல். உணவின் நடுப்பகுதியும் 70 டிகிரி செல்சியஸை எட்டும்வரை முழுமையாக வேகவைத்தல். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்தல். பாதுகாப்பான நீரையும் மூலப்பொருள்களையும் பயன்படுத்துதல். இந்த ஐந்தில் எதுவும் சமைப்பவரின் பிறப்பைக் கேட்பதில்லை.

நம் அன்றாட உணவான சோற்றையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்குகின்றன. அதன்பின் மீண்டும் சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு அழிவதில்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது இதனால்தான். பெரிய அண்டாவில் வைத்த சாம்பார் மெல்ல ஆறும்போது அதன் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். நுண்ணுயிரிகளுக்கு உகந்த இடம் அதுதான். கையில் சீழ்ப்புண் இருப்பவர் உணவைத் தொட்டால் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் சேரும். அதன் நச்சும் கொதிக்க வைத்தால் போகாது. விரிசல் விட்ட முட்டையை ஒதுக்குவதும், மூடியில்லாத தொட்டியின் நீரைத் தவிர்ப்பதும், பூச்சிக்கொல்லியை மளிகைப் பொருள்களுக்கு அருகில் வைக்காதிருப்பதும் இதே அறிவின் பகுதிகள். நூறு பேருக்குச் சோறு குழையாமல் வடித்து, பருப்பை அடிப்பிடிக்காமல் வேகவைத்து, மணியடிக்கும் நேரத்தில் சூடாகப் பரிமாறுவது பெரும் திறன். வறுமையில் வளர்ந்த பெண்கள் எந்தப் பட்டயமும் இன்றி அத்திறனைப் பெற்றிருக்கிறார்கள்.

இப்போது தீட்டை இதனுடன் ஒப்பிடுவோம். அழுக்கு சோப்பினால் போகும்; தீட்டு போகாது. அழுக்கு எவர் கையிலும் ஒட்டும். தீட்டு குறிப்பிட்ட பிறப்பினர்மீது மட்டும் ஏற்றப்படுகிறது. அழுக்கைச் சோதித்து அறியலாம். தீட்டுக்கு எந்த ஆய்வகத்திலும் சோதனை இல்லை. மாதவிடாய்க் காலத்தில் பெண்ணை அடுக்களைக்கு வெளியே நிறுத்துவதும் இதே சொல்தான். உணவறிவியல் பிரிக்கச் சொல்வது பச்சைப் பொருளையும் சமைத்த உணவையும். சாதி பிரிப்பதோ மனிதர்களை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகம் ஒன்றில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி வழியும் தனித்தனிக் கைகழுவும் இடமும் குறித்து அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் அவை அகற்றப்பட்டன. இறைச்சி வெட்டும் பலகையைத் தனியே வைப்பதில் அறிவியல் இருக்கிறது. இறைச்சி உண்பவர் கைகழுவும் இடத்தைத் தனியே வைப்பதில் என்ன அறிவியல் இருக்கிறது?

பள்ளி உணவால் நேர்ந்த மிகக் கொடிய துயரம் நமக்குக் கற்றுத் தருவதும் இதைத்தான். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி. அக்குழந்தைகளைக் கொன்றது யாருடைய பிறப்பும் அன்று. பொருள்களை எங்கே, எதில் சேமிப்பது என்பதில் நேர்ந்த அலட்சியமும், கண்காணிப்பின் தோல்வியுமே. எண்ணெயின் வாடையில் ஐயம் எழுந்தால் சமையலைத் நிறுத்தும் அதிகாரம் சமையலருக்கு இருக்க வேண்டும். அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லாத சமையலறை பாதுகாப்பான சமையலறை ஆகாது. சாதியின் பெயரால் சமையலரை இழிவுபடுத்துவது அவரது மாண்பை மட்டும் சிதைப்பதில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பையும் சேர்த்தே சிதைக்கிறது.

பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்டது. சமையலர், உதவியாளர் பணிகளில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று அதே வழக்கில் கூறியது. ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் உண்பது பிள்ளைகளுக்கு ஒரு கல்வி என்பதை நாம் இவ்வாணையிலிருந்து புரிந்துகொள்கிறோம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதோ அவ்வாறு மிரட்டுவதோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும்.

தமிழகத்துக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி இடப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியைப் பார்ப்பனரல்லாதார் இயக்க வரலாறு பெருமையுடன் நினைவுகூர்கிறது. அந்தப் பெருமையின் பயனை அடைந்த சாதிகளிலிருந்தே இன்று தலித் சமையலருக்கு எதிரான குரல் எழுகிறது. தனக்கு மேலே உள்ளவரின் பந்தியில் இடம் கேட்டவர், தனக்குக் கீழே என்று தாம் கருதுவோரின் கையால் உண்ண மறுப்பாராயின், அவர் எதிர்த்தது சாதியை அன்று. சாதியில் தமக்குக் கிடைத்த இடத்தை மட்டுமே.

அமைச்சர்களும் ஆட்சியர்களும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து உண்பதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அவர்களின் வாகனங்கள் சென்ற மறுநாளும் அந்தப் பெண் அதே ஊரில் அதே அடுப்பின்முன் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பவை இவை. எதிர்ப்பு எழுந்தால் சமையலரை இடமாற்றக் கூடாது. சுத்தம் குறித்த புகார் எழுத்து வடிவில், குறிப்பான குறையுடன், சோதித்து அறியத்தக்கதாக இருக்க வேண்டும். அதே சோதனை எல்லாச் சாதிச் சமையலர்களுக்கும் பொருந்த வேண்டும். உண்ண மறுக்கும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்காமல், அவர்களைத் தூண்டும் பெரியவர்கள்மீது சட்டம் பாய வேண்டும்.

சமையலறைகளின் நிலையும் மாற வேண்டும். குழாய் நீரும் சோப்பும் மூடியுள்ள சேமிப்புக் கலன்களும் இல்லாத இடத்தில் சுத்தத்தை எதிர்பார்ப்பது நேர்மையன்று. மத்திய அரசு 2009 முதல் சமையலர்-உதவியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டும்; மாநிலங்கள் தம் பங்கைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. வயிற்றுப்போக்கு உள்ளவர் சமைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. ஊதியத்துடன் நோய் விடுப்பு இல்லாதபோது அவ்விதியை ஓர் ஏழைப் பெண் எப்படிக் கடைப்பிடிப்பார்?

இறுதியாக, மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். இந்தக் கேள்வி பள்ளியோடு முடிவதில்லை. பாத்திரம் துலக்க ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு, அவரை அடுப்பருகே விடாத வீடுகள் நகரங்களில் எத்தனை! அவ்வீட்டார் உண்ணும் தட்டின் தூய்மை முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை சோற்றைத் தொட்டால் மட்டும் எப்படிக் கெடும்? அவருக்கென ஒதுக்கப்பட்ட தனிக் குவளை நம் வீட்டில் இருக்குமானால், அதை எடுத்து மற்றக் குவளைகளோடு சேர்த்து வைப்பதிலிருந்து நாம் தொடங்குவோம்.