பொலித்தீன் பைக்குள் ஒரு பாடப்புத்தகம்



உங்கள் வீட்டிலும் அந்தப் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்ப அட்டை, பழைய இடம்பெயர்ந்தோர் பதிவு, சிலருக்கு மரணச் சான்றிதழ், இவையெல்லாம் சுற்றி முடிந்து வைத்த ஒரு பொலித்தீன் பை. ஓடும்போது அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடினோம். அந்தப் பையை விடவில்லை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் உயிலங்குளம் சோதனைச்சாவடியைக் கடந்து போய்வந்தவர்களுக்கு அதன் பெறுமதி நன்றாகவே தெரியும். அம்மா அதை மார்போடு அணைத்தபடி வரிசையில் நிற்பார். பிள்ளைகள் நாங்கள் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பைக்குள் என்ன இருக்கிறதென்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

உயிலங்குளத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் 8ஆம், 9ஆம், 10ஆம் தரப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பொன்று நடத்தி வருகிறேன். முதல் மாதம் நான் செய்தது சுத்த வீண்வேலை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று வகுத்த பத்துத் திறன்களையும் கரும்பலகையில் எழுதினேன். தீர்மானம் எடுத்தல், பிரச்சினை தீர்த்தல், தொடர்பாடல் என்று பிள்ளைகள் அழகாகப் பிரதி பண்ணினார்கள். அடுத்த கிழமை கேட்டபோது ஒப்புவித்தும் காட்டினார்கள். பாடசாலையிலும் இந்த விடயங்களுக்கென்று நெடுங்காலமாகவே பாடம் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. அதில் நல்ல புள்ளி எடுத்த ஒரு மாணவியின் கையில் என் தொலைபேசியைக் கொடுத்து, "அம்மம்மா மயங்கி விழுந்துவிட்டார், 1990க்குப் பேசுவதாக நடித்துக் காட்டு" என்றேன். "கெதியா எங்கட வீட்டுக்கு வாங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தோம். எந்த வீடு, எந்த வழி?

இந்த இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. வண்டி வரலாம், ஆனால் மன்னார் வீதியில் எந்த இடத்தில் திரும்புவது, எத்தனையாவது மதகு, கோயில் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. தன் வீட்டுக்கு வழி சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலைந்து தடவை தேவைப்பட்டது. அன்றைய வகுப்பு அதிலேயே முடிந்தது.

ஜீவனிப் பொட்டலமும் அப்படித்தான். அதை 1 லீற்றர் நீரில் கரைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பாடம். வீட்டில் எப்படிக் கரைப்பீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டினார்கள். அந்தளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தால் உப்புக் கூடிப்போய், வயிற்றோட்டத்தில் வாடிய குழந்தைக்கு அதுவே ஆபத்தாகிவிடும். 1.5 லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கோடு கீறிக்கொண்டு போனார்கள். பொட்டலம் இல்லாவிட்டால் கொதித்தாறிய 1 லீற்றர் நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். தலைதட்டாமல் அள்ளினால் கணக்குப் பிழைக்கும் என்பதையும் கரண்டியைக் கையில் கொடுத்த பிறகுதான் கண்டுகொண்டார்கள்.

பிறகுதான் பொலித்தீன் பை நினைவுக்கு வந்தது. "வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பத்திரத்தை அம்மாவிடம் கேட்டுக் கொண்டுவாருங்கள்" என்றேன். மின்சாரப் பட்டியல் வந்தது, சிகிச்சை நிலைய அட்டை வந்தது, அஸ்வெசும மேன்முறையீட்டின் பிரதியொன்றும் வந்தது. நுண்கடன் அட்டை மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நானே ஒரு கணக்குப் போட்டேன். 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400. "நூற்றுக்கு ஏறக்குறைய 25" என்று பிள்ளைகள் உடனே சொன்னார்கள். கடன் கொடுப்பவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்தல்லவா திரும்பிப் போகிறது? அரை வருடத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பணம் எங்கள் கையில் இல்லை. இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டுகிறோம். குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டியைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 45 அளவில் வரும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு திட்டம் கொண்டுவந்ததும், வட்டிக்கு 35 வீதம் என உச்ச எல்லை வைக்கப்பட்டதும் சும்மா நடக்கவில்லை.

கணக்கு முடிந்ததும் நாடகம். ஒரு பையன் கடன் அறவிட வருபவர், ஒரு மாணவி தாய். அவன் மோட்டார்சைக்கிளை நிறுத்துவது போல் காலை ஊன்றி நின்று, கட்டிமுடிக்கும் வரை போகமாட்டேன் என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி வெளியே போனாள். பையன் நடித்ததெல்லாம் அவள் வீட்டு முற்றத்தில் நடந்தது என்று பிறகு அறிந்தேன். யாருடைய காயத்தில் கை வைக்கிறோம் என்று விசாரியாமல் நாடகம் போட்டது என் பிழை. இப்போது பாத்திரங்களை மாற்றிவிட்டேன். கடன் வாங்க முன்னரான காட்சியை மட்டுமே நடிக்கிறோம். "சேர், பத்திரத்தைத் தாங்கோ, வீட்டில வாசிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன்." இந்த ஒரு வசனத்தைத் தலைநிமிர்ந்து சொல்ல எங்கள் பெண் பிள்ளைகளுக்கு மூன்று கிழமை பிடித்தது. குழுவிலுள்ள மற்றவருக்காகப் பிணை வைக்கச் சொல்லும்போது "ஏலாது அக்கா" என்பது இன்னும் கடினம். கேட்பவர் பக்கத்து வீடு ஆயிற்றே.

வெளியே போன பிள்ளை அடுத்த சனிக்கிழமை தாயோடு வந்தாள். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பின் வாங்கில் இருந்து, பையை அவிழ்த்து, கடன் அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினார். "எண்ணிப் பார் பிள்ளை" என்றார். தான் 31 கிழமை கட்டியதாகத் தாய் வீட்டுக் கலண்டரில் புள்ளி போட்டு வைத்திருந்தார். அட்டையில் 29 கையொப்பங்கள்தான் இருந்தன. 2,400 ரூபா!

மறுகிழமை கூட்டத்துக்கு இருவரும் கலண்டரோடு போனார்கள். ஒரு கிழமைப் பணத்தைத் திருத்திப் பதிந்து கொடுத்தார்கள். மற்றக் கிழமை குழுத் தலைவியின் கையில் கொடுத்தனுப்பியதாம், அதற்குத் துண்டு இல்லை. இப்போது ஒவ்வொரு கிழமையும் மகள் அட்டையைப் பார்த்த பின்னர்தான் தாய் பையை முடிகிறார்.

வருகிற சனிக்கிழமை மின்சாரப் பட்டியல். அலகு கூடக்கூட விலையும் ஏன் ஏறுகிறது என்று பார்க்கப் போகிறோம். தாய்மாரும் வரலாம், பின் வாங்கு இப்போது காலியாக இருப்பதில்லை.