மூக்குக்கு வரவு, மூளைக்குப் பற்று

போன மாசம் எங்கள் ஆபீஸில் இலவச மெடிக்கல் செக்கப். இலவசம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பது என் வழக்கம். பி.பி. பார்த்த நர்ஸம்மா கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். 160/100!

''ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?''

''ஒண்ணும் இல்லையே மேடம்.''

''மூக்கால பேசறீங்களே, ஜலதோஷத்துக்கு?''

''அது... டீக்கடை பக்கத்து மெடிக்கல் ஷாப்ல குடுத்தது. அதெல்லாம் மாத்திரைன்னு கணக்கா?''

கணக்குதானாம். ஜலதோஷத்தில் மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் வீங்கி வழியை அடைத்துக்கொள்கின்றன. மாத்திரை அவற்றைச் சுருக்குகிறது. மூக்கு திறக்கிறது. சரி, ஆனால் முழுங்கின மாத்திரைக்கு மூக்கின் விலாசம் மட்டும் எப்படித் தெரியும்? உடம்பு பூராவும் போய்ச் சுருக்குகிறது. பி.பி. ஏறுகிறது.

ஃபினைல் புரோபனாலமைன் என்று ஒன்று இருந்தது. வாயில் நுழையாத பேர். நம் எல்லார் வாயிலும் நுழைந்த மருந்து. அமெரிக்காவில் அதையே பசியை அடக்கி இளைக்கவும் விற்றார்கள். 2000-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு வெளியானது: இளைக்க அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு, மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் சுமார் 16 மடங்கு. அந்த வருஷமே அங்கே விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இங்கே தடை அறிவிப்பு வந்தது 2011-ல். பதினோரு வருஷம் கழித்து! நம்ம ஊர் ஃபைல் நகர்கிற வேகம் உங்களுக்குத் தெரியாததா?

ஆண்களுக்கு அந்த ஆய்வில் அபாயம் நிரூபணமாகவில்லை. அதற்காகக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். அதன் உறவுக்கார மருந்தான சூடோஎஃபிட்ரினைப் பற்றி ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரித்தது. மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கும் ஆபத்து உண்டு, அபூர்வம்தான். ஆனால் கட்டுக்கு அடங்காத பி.பி. இருப்பவர்கள் தொடவே கூடாது என்று. அதைச் சாப்பிட்டபின் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ 108. 'தூங்கினா சரியாயிடும்' என்று படுத்துவிடக் கூடாது.

இப்போது நம் கடைகளில் சளி மாத்திரை என்றால் பெரும்பாலும் ஃபினைல் எஃப்ரின். இதைப் பற்றி அமெரிக்க நிபுணர் குழு 2023-ல் சொன்னது இன்னும் தமாஷ்: மாத்திரையாக முழுங்கினால் மூக்கடைப்புக்கு இது பிரயோஜனமே இல்லை! காசு கொடுத்து நான் வாங்கினது இதைத்தான்.

''நிறுத்திட்டு அடுத்த வாரம் வாங்க'' என்றார் நர்ஸம்மா. நிறுத்தினேன். ஜலதோஷம் தானே போனது. பழி மாத்திரை மேல்தான் என்று தெம்பாகப் போனேன். 150/96. மறு வாரமும் அதே. ஆக, பி.பி. எனக்கு முன்னாலிருந்தே குடியிருந்திருக்கிறது. வாடகை கேட்காததால் தெரியவில்லை. வயசு முப்பத்தாறு. எத்தனை மழைக்காலம், எத்தனை அட்டை மாத்திரை அதன் மேல் போட்டிருப்பேன்? பி.காம். படித்தவனாலும் கணக்குப் பார்க்க முடியவில்லை. வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

நேற்று தும்மல். அதே கடை. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

''எனக்கு பி.பி. இருக்கு. இதுல ஃபினைல் எஃப்ரின் இருக்கே அண்ணே?''

கடைக்காரர் சடாரென்று எழுந்து நின்றார். ''டிரக் இன்ஸ்பெக்டரா சார்? முதல்லயே சொல்லக் கூடாதா... டேய் தம்பி, சாருக்கு ஒரு டீ சொல்லு!''