டாக்டர் டாப்ஸ் யாருடைய சொத்து?

1976-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரிலிருந்து ஒரு சிற்றிதழ் வெளிவந்தது. அதன் முதல் சில இதழ்களில் பக்கம் பக்கமாக எண்கள். டெக்ஸஸ் மாநிலத்தின் டைலர் நகரத்தைச் சேர்ந்த நண்பர்கள் இருவர், பேசிக் நிரல்மொழியின் சிறு வடிவமாக எழுதிய 'டைனி பேசிக்' நிரல் அது. ஆல்டேர் என்ற சிறு கணினி வைத்திருந்தவர்கள் இதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து உள்ளிட வேண்டும். ஓர் எண் பிசகினாலும் நிரல் ஓடாது. பிழையைக் கண்டவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார்கள், நிரலை மேம்படுத்தியவர்கள் அதையும் சேர்த்து அனுப்பினார்கள். அடுத்த இதழின் சரக்கு அதிலிருந்தே கிடைத்தது.

அந்த இதழ்தான் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்'. டாப் என்றொரு மருத்துவர் இருந்ததில்லை. டெனிஸ் அலிசன், பாப் ஆல்பிரெக்ட் என்ற இருவரின் பெயர்களை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. மூன்றே இதழ்களோடு முடித்துக்கொள்வதாகத்தான் முதலில் திட்டம். வாசகர்கள் விடவில்லை. ஜிம் வாரன் ஆசிரியர் பொறுப்பேற்க, அது மாத இதழாகத் தொடர்ந்தது. தங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினிக்காரர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதியதும் அதே 1976-இல்தான். டாக்டர் டாப்ஸின் வாசகர்களோ தாங்களே எழுதிய நிரலைத் தங்களுக்குள் இலவசமாகப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

இப்படிப் பிறந்த இதழை ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கும்போது, உண்மையில் எது கைமாறுகிறது? பெயரும் சந்தாப் பட்டியலும் விளம்பர ஒப்பந்தங்களும் பத்திரத்தில் ஏறிவிடும். வாசகர்கள் எழுதி, வாசகர்களே திருத்திய அந்தப் பக்கங்களைப் பற்றி யாராவது ஒரு வரியாவது சேர்க்கிறார்களா?

டாக்டர் டாப்ஸ் பல கைகளுக்குப் போனது. எம் அண்ட் டி, மில்லர் ஃப்ரீமன், சிஎம்பி, கடைசியில் யூபிஎம். நல்ல ஆசிரியர்கள் வாய்த்தவரை முதலாளி மாறியது வாசகருக்கு உறைக்கவில்லை. 1980-இல் ரான் கெய்ன் என்பவர் சிறு கணினிகளுக்காக எழுதிய 'ஸ்மால்-சி' தொகுப்பியை முழுமையாக அச்சிட்டார்கள். 1985 மார்ச்சில் ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ அறிக்கை இதே இதழில்தான் வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மூல ஆவணம் அது.

இதில் வேதனையான ஒன்று உண்டு. தொகுப்பிகளையும் நிரலாக்கக் கருவிகளையும் விற்ற நிறுவனங்களின் விளம்பரங்கள்தான் இத்தகைய இதழ்களுக்குச் சோறு போட்டன. குனூ இயக்கமும் அதன் வழி வந்தவர்களும் அந்தக் கருவிகளை இலவசமாகக் கொடுத்தபோது விளம்பரதாரர்கள் குறைந்தார்கள். வலைத்தளத்தின் விளம்பரப் பட்டைகள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 2009-இல் தனி அச்சிதழ் நின்றது. 2014 டிசம்பரில், ஆண்டு முடிவோடு எல்லாம் நிறுத்தப்படும் என்று ஆசிரியர் ஆண்ட்ரூ பின்ஸ்டாக் அறிவித்தார். வாசகர் இல்லாமல் மூடப்பட்ட இதழ் அல்ல அது. அந்த ஓராண்டில் மட்டும் அதன் பக்கங்கள் ஒரு கோடி முறைக்கு மேல் படிக்கப்பட்டன, முந்தைய ஆண்டைவிட அதிகமாக. விளம்பர வருமானத்தை மட்டும் பார்க்கும் உரிமையாளரின் கணக்கில் அந்த வாசகர்களுக்கு மதிப்பில்லை.

'லினக்ஸ் ஜர்னல்' பட்ட பாடு இன்னும் கொடுமை. 1994-இல் தொடங்கிய இதழ், 2011-இல் அச்சை விட்டது, 2017 இறுதியில் பணமில்லாமல் நின்றது. அடுத்த மாதமே ஒரு நிறுவனம் கைகொடுத்து எழுப்பியது. 2019 ஆகஸ்டில் மறுபடியும் மூடினார்கள். அப்போதைய அறிவிப்பில், வலைத்தளம் இன்னும் சில வாரங்களுக்கு இருக்கும், முடிந்தால் அதற்கு மேலும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்குச் சில வார உத்தரவாதம்! 2020-இல் ஸ்லாஷ்டாட் மீடியா எடுத்து நடத்த முன்வந்ததால் பழைய கட்டுரைகள் பிழைத்தன. அது தற்செயல். முன்வர யாரும் இல்லாமல் போயிருக்கவும் கூடும்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. பிரிட்டனில் 1987-இல் சி மொழி பயன்படுத்துவோர் சங்கமாகத் தொடங்கிய ஏசிசியூ, உறுப்பினர் சந்தாவில் 'ஓவர்லோட்' இதழை நடத்திவந்தது. கட்டுரைகளைத் துறையறிந்த தன்னார்வலர்கள் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவார்கள். 2012-இல் ஃபிரான்சிஸ் பூன்டெம்போ ஆசிரியரானபோது ஆசிரியரின் பெயரும் குரலும்தான் மாறின, இதழ் மாறவில்லை. ஒரு காலத்தில் டாக்டர் டாப்ஸை நடத்திய மைக்கேல் ஸ்வெய்ன், பின்னர் 'பிராக்பப்' இதழின் ஆசிரியரானார். ஒரு கட்டத்தில் பதிப்பகத்திடமிருந்து அந்த இதழையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வாசகரைத் தெரிந்த ஆசிரியரே வெளியீட்டாளராக நின்றால் சிறிய இதழும் தாக்குப்பிடிக்கும்.

எல்லா இதழுக்கும் ஒரு ஸ்வெய்ன் கிடைக்க மாட்டார். ஆகவே விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை வேண்டும். கைமாறும் நாளன்று பழைய இதழ்கள் முழுவதும், அச்சான நிரல்களோடு, பொது ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். புதிய முதலாளிக்கு இதனால் பெரிய செலவு ஒன்றும் வராது. பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரைக்கு விளம்பரம் கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆனால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய நிரலைப் பழுதுபார்க்க உட்காரும் பொறியாளருக்கு அந்தக் கட்டுரைதான் வழிகாட்டி.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இது அன்னியமான கவலை அல்ல. 2003-இல் டெல்லியிலிருந்து வரத்தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழோடு வந்த குறுவட்டுக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. இணையம் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு லினக்ஸைத் தரவிறக்குவது லேசான காரியமா? விடுதி அறைகளில் ஒரே குறுவட்டு பல கணினிகளைச் சுற்றிவந்தது. 2012-இல் அந்த இதழ் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

அதே 2012-இல் தமிழில் 'கணியம்' தொடங்கியது, கட்டற்ற மென்பொருளுக்கென்றே ஒரு மின்னிதழ். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால், அதன் கட்டுரைகளை எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நாளை அதை நடத்துபவர் மாறினாலும் அந்த நகல்களை யாரும் திரும்பக் கேட்க முடியாது.