பதினாறுக்குப் பிறகு

எங்களுக்கு வரும் கதைகளில் சாவுக்குக் குறைவே இல்லை. அப்பா சாகிறார், அம்மா சாகிறாள், கடைசிப் பத்தியில் கதைசொல்லி குலுங்கி அழுகிறான். அழக் கூடாதென்று யார் சொன்னது? ஆனால் அழுவதற்கென்றே ஒப்பாரி என்றொரு கலை நம்மிடம் இருக்கிறது. அதனோடு போட்டிபோட்டுச் சிறுகதை ஜெயித்ததில்லை.

புதுமைப்பித்தன் அந்தப் போட்டிக்கே போகவில்லை. ‘செல்லம்மாள்’ கதையில் மனைவியின் மூச்சு தொடக்கத்திலேயே ஒடுங்கிவிடுகிறது. ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை வெந்நீர் போட்டு அவள் உடலைக் குளிப்பாட்டுகிறார். முகத்தில் உட்கார வரும் ஈயை விசிறியால் ஓட்டுகிறார். அவர் அழுதாரா என்று கேட்கவே நமக்குத் தோன்றாது. இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில் ரேவதி தீக்காயங்களோடு கிடக்கிறாள். பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே நடக்கிறது. பெற்றவர்களிடம் பணம் இருக்கிறது. அதைக் கொடுத்து வாங்க அங்கே ஒன்றுமில்லை.

இரண்டும் பெரிய ஆக்கங்கள். இருந்தும் ஒரு மனக்குறை. நம் புனைவு பெரும்பாலும் சுடுகாடுவரை போய்த் திரும்பிவிடுகிறது. பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதானே வீடு காலியாகிறது? வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பது, ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது, என்றோ ஒருநாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பது. இவற்றில் கதை இல்லையா? புதுமைப்பித்தன் 1948இல் மறைந்த பின் அவர் மனைவி கமலா விருத்தாசலம் மகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். (அவரும் கதை எழுதியவர், பலருக்கு அது தெரியாது.) பிரமநாயகம் பிள்ளையின் ஓர் இரவுக்குக் கிடைத்த கவனம், கமலா போன்றவர்களின் அத்தனை வருஷங்களுக்கு நம் இலக்கியத்தில் கிடைக்கவில்லை.

ஈழத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே துக்கத்தை முடிக்கும் அந்தியேட்டிச் சடங்கு 31ஆம் நாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. உடலும் இல்லை, பதிலும் இல்லை என்றால் அந்த 31 நாளை எங்கிருந்து எண்ணுவது? துக்கம் காக்கவே அனுமதி கிடைக்காதவர்கள் சோறும் பொங்க வேண்டியிருக்கிறது, மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழுக்குக் கதை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாவு முதல் பத்தியிலேயே முடிந்துவிடட்டும். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து அந்த வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நீளம் பார்க்காமல் போடுகிறோம்.